காலி கலர் பாட்டில்கள்

போன வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் தொண்டை வறண்டு, பழக்க தோஷத்தில் "ஒரு கலர் குடும்மா" என்று கேட்டுவிட்டேன். கடைப் பெண் முழித்தாள். "கலர்னா இன்னா சார், கூல்டிரிங்ஸா? ஃபிரிட்ஜ்ல கீது. எது புடிக்குதோ எடுத்துக்கோங்க." எடுத்துக்கொள்ளலாம்தான். உள்ளே ஏழெட்டுப் பெயரில் பாட்டில்கள், எல்லாம் ஒரே கம்பெனி. அந்தக் கம்பெனிக்குத்தான் நானும் ஏழு வருஷம் மாடாய் உழைத்தேன். அதனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அப்போதெல்லாம் இந்த ஊரில் கலர் என்றால் ரெண்டு. பட்டு நூலுக்குப் போடுகிற சாயம் ஒன்று, குடிக்கிற கலர் இன்னொன்று. பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, "ஜல்தியா கலர் வாங்கினு வாங்க" என்று மனைவி சொல்ல, தறியிலிருந்து எழுந்துபோன மனுஷன் சாயப் பொட்டலத்தோடு வந்து நின்றாராம். தெருவே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

குடிக்கிற கலரைச் செய்தவர் கோவிந்தண்ணன். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், ஒரு மெஷின், புருஷன் பெண்சாதி ரெண்டே பேர். பக்கத்தில் போனாலே பன்னீர் வாசனை தூக்கும். தேவிகாபுரம் வரைக்கும் அவர் பாட்டில்தான்.

நான் டை கட்டின சேல்ஸ்மேன். ஆரணி வெயிலில் டை, கண்றாவி! கடைக்குக் கடை ஃபிரிட்ஜ் இலவசமாகக் கொடுத்தோம். எங்கள் சரக்கைத் தவிர வேறெதுவும் அதில் வைக்கக் கூடாது, அதுதான் கண்டிஷன். அப்படியும் ஜனங்கள் "ஜில்லுனு இல்லாங்காட்டியும் பரவால்ல, வெளிய கீற கலரே குடு" என்றார்கள். மேனேஜர் கடுப்பாகி ஒரு வழி சொன்னார். கோவிந்தண்ணனின் காலி பாட்டில் ஒன்று கொடுத்தால் எங்கள் பாட்டில் ஒன்று சும்மா. கடைக்காரர்களுக்குக் கசக்குமா? பெட்டி பெட்டியாக வந்ததைக் குடோனில் போட்டு உடைத்தோம். உடைத்தோம் என்ன, உடைத்தேன். காலி பாட்டில் திரும்பினால்தானே அவர் மறுபடி கலர் ஊற்ற முடியும்?

ஒருநாள் சைக்கிளை நிறுத்தி என்னிடமே கேட்டார். "தம்பி, நீ எல்லாக் கடைக்கும் போறவன். எம் பாட்டிலு எங்கனா தேங்கிக் கீதா, பாத்தியா?"

"இல்லீங்கண்ணா, கவனிக்கல." சொல்லும்போது நாக்குகூடக் கூசவில்லை, பாவி எனக்கு.

அடுத்த கோடைக்குள் மெஷின் நின்றுபோனது. "ஜனங்க மாறிட்டாங்க சார், இப்பல்லாம் உங்களுதுதான் கேக்கறாங்க" என்றார்கள் கடைக்காரர்கள். ஆபீஸில் என்னைக் கைதட்டிப் பாராட்டினார்கள்.

பிறகு கோவிந்தண்ணன் தன் மகள் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார். மண்டப வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் அவரே பாட்டில் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் கம்பெனிச் சரக்கு. எனக்கும் ஒன்றை நீட்டினார்.

"குடி தம்பி, உங்களுதுதான். ஊர்ல வேற இன்னா கீது?"

குத்திக்காட்டினாரா, வெகுளியாகச் சொன்னாரா, இன்றுவரை தெரியவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். காலி பாட்டிலோடு நான் முழிப்பதைப் பார்த்து அவரே வாங்கி, துடைத்து, பெட்டிக்குள் நிறுத்தி வைத்தார். "பாத்து தம்பி, ஒடஞ்சிடப் போவுது. பாட்டிலுக்காரன் பொழப்பு போயிடும்" என்றார்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது சொல்ல அவர் இல்லை.