மூன்றாம் பக்கத்துக் கையெழுத்து

நீதிமன்றத்தின் தரைத்தளத்தில் மனு வாங்கும் ஜன்னல்கள் இரண்டு. இடப்பக்கம் கிரிமினல், வலப்பக்கம் சிவில். வலப்பக்கத்தில் இருபத்தேழு வருடமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் 'சிவில்' என்றே அழைத்தார்கள். அவர் இல்லாத நேரத்தில் அவர் மனைவியும் அப்படித்தான் சொல்வாள்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எந்த ஜன்னல் என்றே தெரியாது. சட்டக் கல்லூரியில் வருடக்கணக்கில் சொல்லித் தருவதை இவர் ஒரே மூச்சில் முடித்துவிடுவார். "அடிச்சான், திருடினான்னா அது ஊருக்கே செஞ்ச குத்தம். அரசாங்கமே கேக்கும், அந்த ஜன்னலுக்குப் போங்க. பங்கு தரல, சொன்ன பேச்சு மாறிட்டான்னா அது உங்க ரெண்டு பேருக்குள்ள. இங்க குடுங்க."

அடுத்த கேள்வியும் தெரிந்ததுதான். "ஜெயில்ல போட்டுடுவாங்களா சார்?"

தலை நிமிராமலே பதில் வரும். "இது சிவில்மா. ஜெயில் கிடையாது."

ஒரு கையெழுத்து குறைந்தாலும் மனுவைத் திருப்பிவிடுவார். அழுதாலும் சரி, ஆடினாலும் சரி. ஆனால் குறை எது என்று அங்கேயே விரல் வைத்துக் காட்டாமல் யாரையும் அனுப்பியதில்லை. ஐந்து மணிக்குள் சரிசெய்துவிட்டால் மனு அன்றைய தேதியிலேயே பதிவாகும்.

ஒரு நாள் மாலை நாலரைக்கு ஜன்னலுக்கு வெளியே அவருடைய தங்கை நின்றாள். அப்பா விட்டுப்போன வீட்டில் பாதி கேட்டு மனு. எதிர்வாதி, அண்ணன். அவள் கேட்டபோதெல்லாம் 'பாக்கலாம், பாக்கலாம்' என்றே நாளைக் கடத்தியவர் அவர். இருவரும் பேசி மூன்று வருடமாகிறது. வழக்குப் போடச் சட்டம் கொடுத்த கெடு அன்றோடு முடிகிறது.

தன் வழக்கில் தானே கை வைக்கக் கூடாது. அதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தங்கையை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, மனுவைப் பக்கத்து ஜன்னல்காரரிடம் தள்ளினார். அவர் புரட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மூணாம் பக்கத்துல கையெழுத்தே இல்ல. அஞ்சு மணிக்கு மேல குறைன்னு எழுதிக் குடுத்துடறேன். நாளைக்கு வந்தா கெடு தாண்டிடும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா இருங்க, போதும்."

சும்மா இருப்பது அவருக்கு வராத வேலையல்ல. மூன்று வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பார்த்துப் பார்த்துக் கட்டிய மாடி, மகளுக்கென்று ஒதுக்கிய அறை எல்லாம் மனதில் வந்து போயின. கடிகாரத்தில் நாலு ஐம்பது.

மனுவை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

"மூணாம் பக்கத்துல கையெழுத்து விட்டுட்ட. போடு."

தங்கை சந்தேகமாகப் பார்த்தாள். "போட்டா என்ன ஆகும்?"

"உன் வழக்கு நிக்கும்."

"போடலைன்னா?"

"வீடு பூரா எனக்கு."

அவள் அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்து ஜன்னல்காரர் தலையில் அடித்துக்கொண்டே முத்திரை குத்தினார். எதிர்வாதிக்கான நகலை நீட்டினார். 'சிவில்' பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்தார்.

படியிறங்கப் போன தங்கை திரும்பி வந்தாள்.

"அண்ணா, இதுக்காக உன்னை ஜெயில்ல கியில்ல போட்டுட மாட்டாங்களே?"

இருபத்தேழு வருடமாகத் தலை நிமிராமலே சொல்லிவந்த பதில்தான் அது. அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இது சிவில்மா," என்றார்.