சூடேறாத டிரம்

டிரம்மை ஆன்லைனில் வாங்கினேன். கறுப்புப் பிளாஸ்டிக், இரும்புக் கால், நடுவில் ஓர் அச்சு. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் உள்ளே போட்ட காய்கறித் தோலெல்லாம் புரண்டு புரண்டு எருவாகும். பார்சல் வந்த அன்றே மொட்டைமாடியில் உட்கார்ந்து எல்லா ஸ்க்ரூவையும் நானே முடுக்கினேன். ஒன்று மிஞ்சியது. அது எங்கே போகவேண்டியது என்று இன்றுவரை தெரியாது.

கடலூரில் வேலை கிடைத்து, மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் சோதிக்கிற லேபில் வேலை. பகல் பாட்டில்களோடு போய்விடும். ஐந்தரைக்கு மேல் என்ன செய்வது என்றுதான் புரியாமல் இருந்தது. டிரம் வந்தபின் புரிந்தது: காலையில் ஐந்து சுற்று, சாயங்காலம் ஐந்து சுற்று, மீதி நேரத்துக்கு எரு வீடியோ. பச்சைக் கழிவோடு சருகும் காகிதமும் சேர்த்தால் நாலைந்து நாளில் உள்ளே தானாகச் சூடு பிறக்குமாம். சூடு பிறந்தால் நாற்றம் இருக்காதாம்.

சூடு வரவில்லை, நாற்றம்தான் வந்தது. லேபில் கழித்துப்போட்ட முள் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்ப்பேன். மாடியில் என்ன வெயிலோ அதேதான் உள்ளேயும். துணி காயப் போட வந்த கீழ்வீட்டு அக்கா, வீட்டு ஓனர், மூக்கைச் சுளித்தார். "ஆடி மொத வெள்ளிக்கி சொந்தக்காரங்கல்லாம் வருவாங்கம்மா. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா எடுத்துடு" என்றார். பத்து நாள் இருந்தது. அதை எடுத்துவிட்டால் ஐந்தரைக்குப் பிறகு எனக்கு மறுபடி ஒன்றுமில்லை.

காரணம் சின்னதுதான். குவியல் போதவில்லை. நிறைய இருந்தால்தான் சூடு நிற்கும். நான் ஒருத்தி. ஒரு நாளைக்கு ஒரு வெங்காயத்தின் தோல், அழுகின பாதித் தக்காளி, ஒரு வாழைப்பழத் தோல். நாலு பேர் குடும்பத்துக்கு என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருந்தது. படித்துவிட்டுத்தான் வாங்கினேன். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்திருந்தேன்.

நாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட அக்காவிடமே போய்க் குப்பை கேட்கக் கூச்சமாக இருந்தது. சிதம்பரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஒரு வாரக் கழிவைச் சேர்த்து வை, பக்கத்து வீடுகளிலும் வாங்கு, ஒழுகாமல் பேப்பரில் மடி, பேப்பரோடவே போட்டுக்கொள்வேன் என்றேன். "அவ அவ அம்மா வூட்லேர்ந்து ஊறுகா எடுத்துட்டுப் போறா. நீ குப்ப கேக்கற" என்று அம்மா சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது பை கட்டி ரெடியாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரே நிமிடத்தில் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். அந்த இடம் கடலூர்வரை காலியாகவே வந்தது. கண்டக்டர் மட்டும் பையில் என்ன என்று கேட்டார். காய்கறி என்றேன்.

அறையைக்கூடத் திறக்காமல் மொட்டைமாடிக்கு ஓடினேன். பொட்டலங்களைப் பிரிக்காமல் ஒவ்வொன்றாக டிரம்முக்குள் போட்டேன். சுற்றினால் பேப்பர் தானாகக் கிழியும். முதல் முறையாக அதைச் சுற்ற இரண்டு கையும் வேண்டியிருந்தது. சந்தோஷத்தில் இருபது சுற்று சுற்றினேன்.

கீழே வந்ததும் அம்மா கூப்பிட்டாள். "குப்பையோட மட்டும் எப்டிப் பொண்ண அனுப்பறதுன்னு மனசு கேக்கல. அடியில நூல் சுத்தின பொட்டலம், அது புளி சோறு. சாப்டியா?"

"சாப்டேம்மா. நல்லா இருந்துச்சி" என்றேன்.

திரும்பப் போய் மூடியைத் திறந்தேன். வாழையிலை கிழிந்து, வெங்காயத் தோலுக்கு நடுவில் சோறு சிதறிக் கிடந்தது. நாலு வேர்க்கடலை மேலேயே தெரிந்தது. உப்பு, எண்ணெய் இரண்டும் ஆகாது என்று எல்லா வீடியோவும் சொல்லியிருந்தது. பொறுக்கி எடுக்க முடியாது. மூடிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை கைப்பிடியைப் பிடிக்கப் போனபோது டிரம்மின் பக்கவாட்டில் விரல் பட்டது. கதகதப்பு. மூடியைத் திறந்தால் ஆவி. தெர்மாமீட்டர் முள் நிற்காமல் ஏறியது. ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். அவர் குனிந்து மோந்துபார்த்தார். "மழ பேஞ்ச மண்ணு மாரி இருக்குது. சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, குக்கர் விசில் கேட்டுக் கீழே போய்விட்டார்.

யாரிடமாவது இன்னும் கொஞ்சம் பேசவேண்டும்போல் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். ஆவி, முள், அக்கா மோந்துபார்த்தது என்று மூச்சு விடாமல் சொன்னேன். எப்படித் திடீர்னு சூடாச்சு என்று அம்மா கேட்டாள். நிறையப் போட்டதுதான், அதோட சமைத்த சோறு சீக்கிரம் சூடேறும் என்று அதே வேகத்தில் சொல்லிவிட்டேன்.

போனில் அம்மா வீட்டு டிவி சத்தம் கேட்டது. சோற்றை வீணாக்கினதற்குத் திட்டுவாள் என்று மன்னிப்புக் கேட்கத் தயாரானேன்.

"அப்ப அன்னிக்கி என்னாத்தடி சாப்ட நீ?" என்றாள்.

"பிஸ்கட்டு."

அவள் போனை வைக்கவில்லை. லேபுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நானும் வைக்காமல் அந்த டிவி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.