பச்சைக் கொடி கட்டிய படலை

என் அலுமாரியின் மேல்தட்டில், மடித்து வைத்த வேட்டிகளுக்கு அடியில், ஒரு பச்சைத் துணி கிடக்கிறது. பச்சை என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் கண்ணுக்கு அது வெளிறிப்போன கந்தல். ஒரு மூலை கிழிந்திருக்கிறது. இன்னொரு மூலையில் கயிற்று முடிச்சு இன்னும் அவிழாமல் இருக்கிறது. எத்தனையோ தடவை வீடு மாறி, ஊர் மாறி, நல்ல நல்ல சாமான்களையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். இது மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. போன வாரம் என் மருமகள் மேசை துடைப்பதற்கு இதைக் கையில் எடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் பாவம், அந்தப் பிள்ளை வெலவெலத்துப் போனாள். துணிக்கு உரியவரைப் பற்றிச் சொன்னால்தான் நான் போட்ட சத்தத்துக்கு நியாயம் கிடைக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கிளிநொச்சியில் தபால் கந்தோரில் தந்தி அனுப்பும் வேலையில் இருந்தேன். கலியாணம் ஆகவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும்வரை படுத்திருப்பதே அந்த நாளில் எனக்கிருந்த ஒரே சொத்து. அதைப் பறித்தவர் ஸ்டேசன் மாஸ்டரின் மனைவி. ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டரம்மா. பருத்த உடம்பு, பெரிய கறுப்புக் குடை, அதைவிடப் பெரிய குரல். அவருக்குச் சீனி வருத்தம் வந்து, தினமும் நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி அப்போதிக்கரி சொல்லிவிட்டார். ஒரு குடும்பப் பெண் காரணமில்லாமல் வீதியில் நடந்தால் ஊர் சிரிக்காதா? ஆகவே அவர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார். "ஓடையைப் பாக்கப் போறம், தம்பி. எழும்புங்கோ. காத்தும் வெளிச்சமும் காசுக்கே விக்கிறாங்கள்?" என்று என் ஜன்னலில் குடைக்காம்பால் தட்டுவார். தட்டினால் எழும்பத்தான் வேண்டும்.

ரயில் பாதைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே ஓர் ஓடை ஓடியது. இரு கரையிலும் மருது, நாவல், புளி. காடு வெட்டி ஊர் ஆக்கியபோது எப்படியோ கோடரிக்குத் தப்பிய ஒரு துண்டு. ஊர் வளர வளர அந்தத் துண்டு தேய்ந்துகொண்டிருந்தது. ஒருபக்கம் விறகு வெட்டினார்கள், ஒருபக்கம் ஆடு மேய்ந்தது, கடைக் குப்பையெல்லாம் தண்ணீருக்குள் வந்தது. நடக்கப் போன நாங்கள் முதலில் மூக்கைப் பொத்தினோம். பிறகு மெல்ல மெல்லக் குப்பை அள்ளத் தொடங்கினோம். நாங்கள் என்றால் மாஸ்டரம்மாவும் நானும், பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியாரும், சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி நானாவும். நானாதான் கத்தியும் கயிறும் கொண்டுவருவார். அள்ளி முடித்ததும் தேத்தண்ணீரும் அவர் செலவுதான். மாஸ்டரம்மாவுக்கு மட்டும் சீனி இல்லை. எங்கள் கோப்பைகளை அவர் பார்க்கும் பார்வையில் எங்களுக்கும் பாதிச் சீனி கரைந்துவிடும்.

நாவல் மரத்தடியில் இளைப்பாறும்போது மாஸ்டரம்மா ஒருமுறை சொன்னார். மாற்றலாகிப் போன ஒவ்வொரு ஸ்டேசனிலும் அவர் ஏதாவது நட்டிருக்கிறார். எதுவும் அவர் போன பிறகு நிலைக்கவில்லை. ஓரிடத்தில் ரோசாப் பாத்தி. பிறகு ஒருநாள் அந்த வழியாக ரயிலில் போனபோது எட்டிப் பார்த்தாராம். பாத்தியில் மாடு கட்டியிருந்ததாம். "அந்த நாளிலயிருந்து நான் விட்டுட்டு வாற ஊரைத் திரும்பிப் பாக்கிறேல்லை, தம்பி. வண்டியில ஏறினால் மற்றப் பக்கத்து யன்னலிலதான் இருப்பன்." அவ்வளவு பெரிய குரல் அன்று மிகவும் சின்னதாக வந்தது.

வேலி போடும் யோசனையை யார் சொன்னது என்று இப்போது நினைவில்லை. யார் சொல்லியிருந்தாலும் ஒன்றுதான். நானாவைத் தவிர நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தார். ஒரு காணியில் அன்பு வைத்தால் அடுத்ததாக எங்களுக்குத் தோன்றுவது அதைச் சுற்றி வேலி. கிளுவைத் தடிகளைக் கதியாலாக நட்டு, இடையில் முட்கிளை அலம்பல் செருகி, வாத்தியார் நூல் பிடித்து நேர் பார்க்க, ஆளுயரத்துக்கு அடைத்தோம். உள்ளே போய்வர ஒரு படலை, அதற்குப் பூட்டு. பெண் பிள்ளையைக் கரைசேர்த்த தகப்பனைப்போல வாத்தியார் வேலியை ஒருமுறை சுற்றி வந்தார். இனி ஆடும் வராது, கோடரியும் வராது.

அடுத்த ஞாயிறு காலை போனபோது மாஸ்டரம்மா வழியிலேயே நின்றுவிட்டார். முதல்நாள் தூறிய மழையில் நிலம் ஈரமாக இருந்தது. வேலியின் வெளிப்புறம் முழுக்கக் குளம்புத் தடங்கள். கடைத்தெருப் பக்கம் அல்ல, ரயில் பாதைக்கு அப்பால் காடு இருந்த பக்கம். வேலியோடு ஒட்டி ஒரு கோடி வரை போய், திரும்பி மறுகோடி வரை வந்து, மறுபடியும் போய்... சில இடங்களில் நின்று நிலத்தைக் கிளறியிருந்தன.

"மான், அம்மா," என்றார் நானா. "விடியப்புறம் தண்ணிக்கு வந்திருக்குதுகள். வழி தேடியிருக்குதுகள்."

மாஸ்டரம்மா குடையை மடக்கினார். "எங்கட வீட்டுப் படலையைத் தாகத்தோட ஒருத்தன் தட்டினால் பூட்டுவமே? இதுகளுக்குத் தட்டத் தெரியேல்லை, அவ்வளவுதான்," என்றவர் நானாவின் கத்தியை வாங்கி, சேலையைச் செருகிக்கொண்டு, காட்டுப் பக்கத்து அலம்பலை வெட்டத் தொடங்கினார்.

வாத்தியார் துடித்துப் போனார். "வேலியில வெட்டின இந்தப் பொட்டால முதல்ல ஆடுதான் வரும். பிறகு ஊரே வரும். நீங்கள் மாற்றலாகிப் போடுவியள், நாங்கள்தான் இருந்து மாரடிக்க வேணும்!"

அந்தச் சொல் மாஸ்டரம்மாவைச் சுட்டது. முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வெட்டிய இடத்தில் இன்னொரு படலை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். ஆடு பகலில் வரும். மான் இருள் பிரியும்போது வரும். ஆகவே பின்னேர ரயில் போனதும் அந்தப் படலையைத் திறப்பது, காலை ரயிலோடு சாத்துவது. மணிக்கூடு பார்த்து எல்லாம் செய்யும் வீட்டில் அது சிரமமாக இருக்கவில்லை. திறந்திருக்கும் நேரத்தில் யாரும் குளிக்கவோ துவைக்கவோ போகக்கூடாது என்பதற்கு அடையாளமாக, ஸ்டேசனில் கழித்துவிட்ட ஒரு பழைய பச்சைக் கொடியைப் படலையில் கட்டினார். "லைன் பக்கம் தெரியக் கட்டாதையும்! ரயில் றைவர் கண்டால் என்ர வேலை போகும்," என்று ஸ்டேசன் மாஸ்டர் நடுங்கினார். ரயில்வே விதிகளை அவர் தேவாரம் போல மனப்பாடம் செய்தவர்.

அந்தக் கோடை முழுதும் மான்கள் வந்துபோயின. நாங்கள் கண்டது தடங்களைத்தான். ஒரேயொரு காலையில் மட்டும் ஒரு பெண்மானும் குட்டியும் மருதடியில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் திரும்பிப் போயின. அன்று மாஸ்டரம்மா நானாவின் தேத்தண்ணீரில் ஒரு கரண்டி சீனி போட்டுக் குடித்தார். யாரும் தடுக்கவில்லை.

மாரி முடிந்ததும் மாற்றல் கடிதம் வந்தது. படலையைத் திறந்து சாத்தச் சொல்லி மாஸ்டரம்மா யாரிடமும் கேட்கவில்லை. நான் ஒரு சோம்பேறி என்பது அவருக்குத் தெரியும். நானாவுக்கு அந்த நேரத்தில்தான் கடையில் சனம். வாத்தியாரோடு அந்தப் படலையைப் பற்றிய பேச்சே இல்லை. "நாளையிலயிருந்து அதுகள் திரும்பவும் வேலியைச் சுத்தப்போகுதுகள்," என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் பாத்திரங்களை மூட்டை கட்டினார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். என் ஜன்னலைத் தட்டித் தட்டி என்னை அறிந்தவர் அல்லவா.

அவர்கள் புறப்பட்டது அதே பின்னேர ரயிலில். முறிகண்டி வரை கூடப் போய்ப் பிள்ளையாரைக் கும்பிட்டு வழியனுப்புவதாக நானும் ஏறினேன். வாத்தியாரை ஸ்டேசனில் காணவில்லை. சொன்னபடியே மாஸ்டரம்மா ஓடைக்கு எதிர்ப்பக்கத்து யன்னலில் போய் இருந்தார். வண்டி அசைந்தது. நான் மற்றப் பக்கம் நின்றேன். மருதமரங்களின் உச்சியில் கடைசி வெயில். அதன் கீழே, காட்டுப் பக்கத்துப் படலை, ரயில் போகும் முன்னமே அகலத் திறந்திருந்தது. படலையருகே வாத்தியார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரயிலைப் பார்த்து அந்தப் பச்சைக் கொடியை இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, ஒருக்கால் இஞ்சாலை வாங்கோ!" என்று கத்தினேன்.

முதலில் மறுத்தார். என் குரலில் என்ன கேட்டதோ, எழும்பி வந்தார். பார்த்தார். வளைவில் மரங்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். "லைன் பக்கம் கொடி காட்டுறான் மனுசன்! இது குற்றம்!" என்று பின்னால் நின்ற ஸ்டேசன் மாஸ்டர் பதறினார், பதறிக்கொண்டே தன் கையையும் வெளியே நீட்டிப் பதிலுக்கு ஆட்டினார். மாஸ்டரம்மா முறிகண்டி வரை அந்த யன்னலை விட்டு அசையவில்லை. கண் துடைத்ததும் அங்கேதான், சிரித்ததும் அங்கேதான்.

வாத்தியார் ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்வரை ஒருநாள் தவறாமல் அந்தப் படலையைத் திறந்தார். போகும்போது கொடியைக் கயிற்று முடிச்சோடு கழற்றி என் கையில் தந்தார். அதன் பிறகு படலையைத் திறப்பதும் சாத்துவதும் என் வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில்கூட நான் வெயில் ஏறும்வரை படுத்ததில்லை.

நேற்று மருமகள் துணியைத் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்து தந்தாள். "மாமா, இது என்ன கொடி?" என்று கேட்டாள். வழி திறந்து கிடக்குது எண்டு சொல்லுற கொடி பிள்ளை என்றேன். அவள் அந்தக் கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவிழ்க்காமலே உள்ளே வைத்தாள்.