காஜா அத்தையின் இடது கண்

அத்தைக்குக் காஜா எடுக்கிற வேலை. சட்டைப் பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நூல் கட்டுவதைத் தையல் கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள். சிறு வயதிலிருந்தே அவளுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. வேலைக்கு உட்கார்ந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துணியை மூக்கருகே பிடித்துத் தைப்பாள். இழை பிசகாது.

அதில் குறை கண்டுபிடிப்பது மாமாவின் வேலை. மேலதிகாரி விடுப்பில் போன பதினோரு நாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்த பெருமையில், ஓய்வு பெற்ற பிறகும் ஆபீசர் என்றே அழைக்கச் சொல்கிற மனிதர்.

அத்தையின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. அறுவை சிகிச்சையில் உள்ளே வைக்கும் லென்ஸ் தூரத்துக்கா, கிட்டத்துக்கா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். கேட்டது அத்தையை, பதில் சொன்னது ஆபீசர்.

“தூரத்துக்கே வைங்க. அதுதான் கௌரவம்.”

பார்வையில் என்ன கௌரவமோ! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மருத்துவமனையில் தந்த விளக்கத் தாளைக் கொடுங்கள், படித்துச் சொல்கிறேன் என்றேன். நேற்று முளைத்த பயல் தனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று அதை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். கடைசிவரை அவரும் படிக்கவில்லை.

வலது கண் முடிந்தது. எதிர்வீட்டு மாடியில் காயும் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததுகூட அத்தைக்குத் தெரிந்தது; மடியில் கிடந்த சட்டையின் துளை தெரியவில்லை. படிக்கும் கண்ணாடி போட்டால் துணியை எட்டப் பிடிக்க வேண்டியிருந்தது. நாற்பது வருடம் மூக்கருகே பழகிய கை அதற்கு இணங்கவில்லை, தையல் கோணியது. அடுத்த கண்ணுக்குப் பிறகும் இப்படியே இருந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் சொல்லியனுப்பினார். ‘பெரிய உத்தியோகம், போனால் போகட்டும்’ என்றார் ஆபீசர்.

இடது கண்ணுக்கான நாளில், இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருப்பதுதான் முறை என்று அவரே ஆரம்பித்தார். டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை உள்ளங்கையை முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.

“எனக்குப் பொழப்பு இங்கதாம்மா இருக்கு. இந்த அளவுக்கு வைங்க.”

“நான் ஒருத்தன் சொல்லிக்கிட்டிருக்கேன்ல?”

“தூரத்துல இருக்கறதப் பாக்க ஒரு கண்ணு போதுங்க.”

இரண்டு கண்ணும் ஒத்துப்போகச் சில வாரம் ஆகும் என்று டாக்டரம்மா எச்சரித்தார். அத்தை கையை இறக்கவில்லை. டாக்டரம்மா ஸ்கேலை எடுத்துக் கைக்கும் கண்ணுக்கும் இடையே வைத்து அளந்து எழுதினார். ஆபீசர் அதற்குப் பிறகும் பேசிக்கொண்டிருந்தார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.