எட்டுச் செலவுக்கு ஒரு பாஸ் மீன்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்து மெல்லத்தான் வரும். ஆனாலும் இதை இன்னொருவர் கையால் எழுதுவிக்க எனக்கு மனமில்லை.

என் மனுசன் போன ஆவணியில் இறந்துபோனார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவருக்குப் பிடித்த ஒரே பைத்தியம், தூண்டில் போட்டு பாஸ் என்கிற ஏரி மீன் பிடிப்பது. கோடை முடிகிற நாட்களில் நாங்கள் இருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்து வடக்கே ஒன்றரை மணித்தியாலம் காரோடி, பெயர்கூடத் தெரியாத சின்னச் சின்ன ஏரிகளுக்குப் போவார். நான் ஒருநாளும் கூடப் போனதில்லை. போவதற்கு முதல்நாள் பின்னேரம் குசினி மேசையில் தூண்டில் பெட்டியைத் திறந்து, இரைக்கு வைக்கும் ரப்பர் புழுக்களையும் தவளைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு யோசிப்பார்.

"இஞ்சேரும், நாளைக்கு முகிலாம். கறுப்புப் புழுவோ, பச்சையோ?"

"மீனுக்குச் சேலை எடுக்கிறியளோ?"

"உமக்கு எடுக்கிறதைவிட இது சுகம். மீன் திருப்பிக் கொண்டுபோய் மாத்தச் சொல்லாது."

பிறகு எந்தத் தண்ணீருக்கு எந்த இரை என்று சொல்லத் தொடங்குவார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு பாதி கேட்பேன், பாதி விடுவேன்.

தகனம் முடிந்து வந்து வீடு கழுவினோம். அவர் கைபட்ட எல்லாவற்றையும் நானே கழுவினேன். அந்தப் பெட்டியையும் விடவில்லை. இரைகளை மஞ்சள் தண்ணீரில் அலசி, பல்கனி வெயிலில் காயவிட்டேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் கறுப்பும் பச்சையும் ஊதாவும் உருகி ஒரே கட்டியாய்க் கிடந்தன.

"ஐயோ அம்மா, ஏன் உதைத் தொட்டனீங்கள்?" என்றாள் கடைசி மகள்.

"செத்தவீட்டுத் துடக்கு. கழுவாமல் விடச் சொல்லுறியோ?"

வாயால் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டியைக் குப்பையில் போட என்னால் முடியவில்லை.

எங்களுக்குள் எட்டாம் நாள் எட்டுச் செலவு. இறந்தவர் விரும்பித் தின்றதையெல்லாம், மச்சம் மாமிசம் உட்பட, சமைத்துப் படைக்க வேண்டும். அவர் விரும்பியது தான் பிடித்த பாஸ் மீனில் நான் வைக்கும் குழம்பு. குளிர்ப்பெட்டியில் ஒரு துண்டும் மிச்சமில்லை. எங்கள் கடைகளிலும் அந்த மீன் வராது. அது இல்லாமல் படைத்தால் அவர் பசியோடு போவார் என்று எனக்குள் ஒரு எண்ணம். ஏழாம் நாள் காலையில் மகளை எழுப்பினேன்.

"ஏரிக்குப் போவம்."

"அம்மா, என்னட்டை லைசன்ஸ் இல்லை. பிடிச்சால் ஃபைன் அடிப்பாங்கள்."

"எனக்குத் தேவையில்லை. அறுபத்தஞ்சு தாண்டினால் அடையாள அட்டையே போதுமாம். உன்ரை அப்பர் சொன்னவர். நீ கார் ஓடு, காணும்."

சின்ன வயதில் அவரோடு போய்வந்தபடியால், ஒரு ஏரிக்கரையில் அவர் வழக்கமாக நிற்கும் தட்டைப் பாறையை மகளுக்குத் தெரியும். ஏரி காற்றில்லாமல், கழுவின தாச்சிச் சட்டி மாதிரிக் கிடந்தது. கரையோரம் முழுக்க அல்லி இலை, ஓரங்கள் பழுக்கத் தொடங்கியிருந்தன. பெட்டியில் மிஞ்சியவை கரண்டி மாதிரியான இரண்டு தகர இரைகளும் ஒரு தவளையும்தான். தவளையைத் தனியாகக் கொடியில் கொளுவியிருந்தபடியால் அது தப்பியது. முதலில் கரண்டியைக் கட்டினேன். வீசுகிற ஒவ்வொரு தடவையும் பாசிதான் வந்தது. அப்போதுதான் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது: தண்ணீர் சூடாகக் கிடக்கும்போது மீன் இலைக்குக் கீழே படுத்திருக்கும், மேலால் தவளை விடவேண்டும்.

தவளையை மாற்றினேன். மகள் தூண்டிலைத் தொடாமல் வாயால் மட்டும் சொல்லித் தந்தாள். எத்தனையாவது வீச்சோ தெரியாது, தவளை ஒரு இலையிலிருந்து வழுகி விழுந்ததும் தண்ணீர் வெடித்தது. நான் உடனே இழுத்தேன். தவளை பறந்து வந்து பாறையில் அடித்தது. கொளுக்கியில் ஒன்றுமில்லை.

"ஏனம்மா உடனை இழுத்தனீங்கள்? தவளையை விழுங்கவிட்டு, ரெண்டு எண்ணித்தானே அப்பா இழுப்பார்."

"உதை இப்பவோ சொல்லுறது?"

அவளைக் கோபித்தேன். ஆனால் அது நான் வெங்காயம் உரித்தபோது கேட்காமல் விட்ட பாதி. மத்தியானம் வரைக்கும் நின்றோம். வேறு மீன் தொடவில்லை.

திரும்பும் வழியில் தமிழ்க் கடையில் விளைமீன் வாங்கினேன். அடுத்தநாள் தோலை உரித்துச் சின்னத் துண்டாய் வெட்டி, பார்த்தவுடன் தெரியாதபடி குழம்பைத் தடிப்பாக வைத்தேன். படைத்துவிட்டுப் பந்தியில் பரிமாறும்போது அவருடைய மூத்த அக்கா, எனக்கு மச்சாள், என் முகத்தைப் பார்த்தார்.

"உது தம்பி பிடிச்ச ஏரி மீனோ?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"ஓம் மச்சாள். போன மாதம் பிடிச்சு வைச்சது."

மனுசனின் கடைசி ஆசையைக்கூட நிறைவேற்றாதவள் என்று அந்தப் பந்தியில் பெயரெடுக்க நான் தயாராக இல்லை. மச்சாள் ஒரு வாய் வைத்துவிட்டு அழுதார். "அவன்ரை மீன் எண்டால் என்ரை நாக்குக்குத் தெரியும்" என்றார். நான் இன்னொரு துண்டு போட்டேன்.

ஒரு வருடம் ஆகப்போகிறது. ரெலிபோன் எடுக்கிற நேரமெல்லாம் மச்சாள் அந்த மீனைப் பற்றித்தான் கதைக்கிறார். தம்பியின் கையால் கடைசியாகத் தின்றது என்கிறார். நானும் ஓம் ஓம் என்கிறேன். வைத்தபிறகு எனக்குச் சோறு இறங்குவதில்லை. வாற ஞாயிற்றுக்கிழமை மச்சாள் இங்கே வருகிறார். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதினேன், இதை அவருக்கு முன்னால் என் பேரப்பிள்ளை வாசிக்க வேண்டும்.

பிள்ளை, இஞ்சை வா. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போறனிதானே, இதை ஒருக்கால் எனக்கு வாசிச்சுக் காட்டு. கடையிலை மீன் வாங்கின இடத்தை விழுங்காமல், உரத்து வாசி.