நாலாவது இறக்கை

எங்கள் வீட்டில் யாருமே நேரில் பார்த்திராத ஒரு பொருளை வாங்குவதா, செய்வதா என்று இரண்டு மாதம் வாதம் நடந்தது. பொருள் ஒரு ட்ரோன். கல்யாண மண்டபத்துக்கு மேலே இரைந்துகொண்டு நிற்குமே, அந்தப் பெரிய வகை இல்லை. இது உள்ளங்கையில் அடங்கும். நாலு மூலையில் நாலு குட்டி இறக்கை, முன்பக்கம் மிளகு அளவுக்கு ஒரு கேமரா. ஓட்டுகிறவர் கண் முழுவதையும் மறைக்கிற பெட்டி மாதிரியான கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். ட்ரோன் பார்ப்பதெல்லாம் அதற்குள் தெரியும். நாமே அதில் உட்கார்ந்து போவது போல இருக்கும். அம்மாவின் போனில் நான் பார்த்த வீடியோவில் அது நாற்காலிக்கு அடியில் புகுந்து, ஜன்னல் வழியாக வெளியே போய், ஒரு மாமரத்தைச் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பியது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

எட்டாம் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்தால் கேட்டதை வாங்கித் தருவதாக நைனா வாக்குக் கொடுத்திருந்தார். கம்மலோ சைக்கிளோ கேட்பேன் என்று நம்பிக் கொடுத்த வாக்கு அது. ரேங்க் எடுத்துவிட்டு நான் ட்ரோன் என்றதும், “அது போலீஸ்காரங்க வெச்சிருக்கறது இல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஆனால் கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குகிற ஆள் இல்லை அவர். அது அவருடைய நல்ல குணம். கோபத்தில் சொன்ன சொல்லிலிருந்தும் பின்வாங்க மாட்டார் என்பதுதான் தொல்லை.

எங்கள் குடும்பத்தில் இந்தச் சங்கதியெல்லாம் தெரிந்தவர் ஒரே ஒருவர், சித்தப்பா. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருந்தார். அவரும் நைனாவும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் ஊரான சிங்கவரத்தில் இரண்டு பேர் நிலத்துக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் நைனா முறை, மறுநாள் சித்தப்பா முறை. சித்தப்பாவின் முறையில் ஒருநாள் மோட்டார் எரிந்துபோனது. கிணற்றில் தண்ணீர் தீர்ந்த பிறகும் வெறுமனே ஓடி, உள்ளே சுற்றியிருந்த கம்பி கருகிவிட்டது. மல்லாட்டையில், அதுதான் வேர்க்கடலையில், காய் பிடிக்கிற நேரம். நைனாவுக்கு வயிறு எரிந்திருக்கும். ஊரில் நாலு பேர் கூடி நிற்கும்போதே, “இவன் கை வெச்சா எது உருப்பட்டுது?” என்று கேட்டுவிட்டார்.  சித்தப்பா அந்த மாதமே தன் பங்கை வேறு ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, செஞ்சியில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நைனாவின் பேச்சில் அவர் தம்பி ‘கடைக்காரன்’ ஆகிவிட்டார். உருப்படாத அந்தக் கையில்தான் செஞ்சியில் பாதிப்பேர் தங்கள் உடைந்த போனைக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றார்கள்.

இதற்காக நான் வருத்தப்பட்டதாக நினைவில்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அந்தப் பக்கம் இருக்கிறது, கிருஷ்ணகிரி மலை இந்தப் பக்கம் இருக்கிறது, நைனாவும் சித்தப்பாவும் பேசமாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் எடுத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா கடைக்கு நான் போய்வருவதற்குத் தடை இல்லாததால் எனக்கு நஷ்டமும் இல்லை.

ஸ்கூல் விட்டதும் நேராக அவரிடம் போய்க் கேட்டேன். இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். ட்ரோன், ரிமோட், கண்ணாடி எல்லாம் ஒரே பெட்டியில் வைத்து விற்கிறார்கள். பேட்டரியை சார்ஜ் போட்டால் அன்றைக்கே பறக்கலாம். இல்லையென்றால் சட்டம், மோட்டார், போர்டு, கேமரா என்று தனித்தனியாக வரவழைத்து, ஒவ்வொரு கம்பியாகப் பற்றவைத்துச் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். ஆனால் உடைந்தால் எது எங்கே போயிற்று என்று நமக்கே தெரியும்.

“மொதல் தடவ வாங்கறதுதான் நல்லது பாப்பா. ஓட்டி, ஒடைச்சி, கத்துக்கினு அப்புறமா செய்யலாம்” என்றார். பிறகு கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “என் கை எதுக்கு அதுல?” என்றார். கடையில் வேலை அதிகம் என்று நான் புரிந்துகொண்டேன்.

நைனாவும் வாங்குகிற கட்சிதான். “கம்பெனி பொருள்னா கம்பெனி பொருள்தான். கண்டவன் கையில செஞ்சத நம்ப முடியுமா?” என்றார். மூன்று வருஷமாகப் பேசாத இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். எனக்கும் சீக்கிரம் பறக்கவிட்டால் போதும். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவிடாதவர் அம்மா. கடைசிவரை ட்ரோனை ‘அந்தப் பூச்சி’ என்றே சொன்ன அம்மா, செய்துதான் ஆக வேண்டும் என்று நின்றார்.

“கடையில வாங்கற மொளகாத்தூளும் நாம அரைக்கறதும் ஒண்ணா?” என்று ஆரம்பித்தார். நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இரண்டும் வேறு என்று ஒப்புக்கொண்டது தப்பாகப் போயிற்று. வாங்கியது உடைந்தால் என்ன செய்வது என்று என்னிடம் விசாரித்தார். மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும் என்றேன். அடுத்த வேளை சாப்பாட்டில், “ஒரு பூச்சி ஒடைஞ்சதுக்கு மெட்ராசுக்கா தூக்கினு ஓடுவாங்க?” என்று அது பரிமாறப்பட்டது. செய்வதற்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று நைனா ஒருநாள் கேட்டார். பதில் மூன்று பேருக்கும் தெரியும்.  அம்மா ரசம் ஊற்றினார்.

இரண்டு மாதத்தில் நைனா களைத்துப்போய், “இன்னாவோ பண்ணுங்க, எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல” என்றார். அம்மாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் மேல் இவ்வளவு பிடிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியம். கோபமும்தான். உடனே பறந்திருக்க வேண்டியதை இவர் தள்ளிப்போட்டுவிட்டார் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாமான்கள் ஒவ்வொன்றாகக் கூரியரில் வந்தன. சம்பந்தம் இல்லாத நைனாதான் கையெழுத்துப் போட்டு வாங்கி, ஈரம் படாமல் பீரோ மேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பொட்டலங்களோடு ஒரு டிபன் கேரியரையும் என்னிடம் கொடுத்து அம்மா பஸ் ஏற்றிவிடுவார். கேரியரில் இருப்பது ஒரு ஆள் சாப்பாடு போலவே இருக்காது. கறிக்குழம்பு வைத்தால் நல்ல துண்டெல்லாம் அதில்தான் போகும்.

சித்தப்பா வேலை செய்த விதம் என் பொறுமையைச் சோதித்தது. போன் ரிப்பேருக்கு அரைமணி நேரத்தில் பற்றவைத்துத் தூக்கிக் கொடுக்கிறவர், என் ட்ரோனில் ஒரு கம்பியை வைத்துவிட்டு பூதக்கண்ணாடியில் மூன்று தடவை பார்ப்பார். இழுத்துப் பார்ப்பார். பிடிக்காமல் உருக்கி எடுத்துவிட்டு மறுபடி வைப்பார். எல்லாம் முடிந்து பேட்டரி மாட்டுகிற நாளில்கூட நேராக மாட்டவில்லை. ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பைக் கழற்றி, பேட்டரிக்கும் ட்ரோனுக்கும் நடுவில் கட்டினார். உள்ளே எங்காவது கம்பி கம்பியோடு ஒட்டியிருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், போர்டு கருகாமல் தப்பிக்கும் என்றார். பல்பு ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. ட்ரோன் பீப் பீப் என்று கூவியது. நான் குதித்தேன். சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் லுங்கியில் துடைத்துக்கொண்டார்.  கையில் பசை ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

இறக்கைக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார். பச்சை என்றேன். அதைப்போல ஒரு முட்டாள்தனம் கிடையாது.

கோட்டைப் பக்கம் இதையெல்லாம் பறக்கவிடக் கூடாது. அதனால் எங்கள் நிலத்தில் என்று முடிவாயிற்று. ஒரு ஞாயிறு காலை சித்தப்பா வந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வரப்பில் கால் வைக்கிறார். மல்லாட்டை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே பச்சைப்பசேலென்று நின்றது. நைனாவும் வந்திருந்தார். மோட்டாரைப் போட வந்ததாகச் சொல்லி, கிணற்று மேட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் கரண்ட் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

அம்மா தட்டோடு வந்தார். எங்கள் வீட்டுக்கு எந்த வண்டி வந்தாலும், மிக்சி வந்தாலும், பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றாமல் ஓட்டுவது கிடையாது. சித்தப்பா ட்ரோனை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டார்.

“இதுக்கு மூஞ்சி எது?” என்று அம்மா கேட்டார்.

நான் பெருமையாக முன்பக்கத்தைக் காட்டினேன். அம்மா குழைத்த சந்தனத்தைத் தொட்டு அழுத்தமாக வைத்து, அதன் மேல் குங்குமத்தை வைத்தார். பழத்தைச் சுற்றி நசுக்கினார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். மூடாமல் இருந்திருந்தால் எங்களில் யாராவது ஒருவர் பார்த்திருப்பார்.

முதலில் தானே ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி, சித்தப்பா ரிமோட்டை எடுத்தார். ட்ரோன் வரப்பிலிருந்து விருட்டென்று கிளம்பி ஆள் உயரம் தாண்டிவிட்டது. அப்புறம்தான் அவர் கண்ணாடியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இன்னா, ஒண்ணுமே தெரியல, செவப்பா இருக்குது…” என்றார்.

மலைப்பக்கமிருந்து காற்று வீசியது. உள்ளங்கை அளவு பொருள், காற்று தள்ளிய பக்கம் போயிற்று. சித்தப்பா கண்ணாடியை மாட்டியபடியே தடுமாறிக்கொண்டு நின்றார். ரிமோட்டிலிருந்து கையை எடுத்தால் விழுந்துவிடும் என்ற பயம். நான் கத்தினேன். அதற்கு மேல் ஒரு சத்தம் கிணற்று மேட்டிலிருந்து வந்தது.

“டேய், கெணத்து மேல போவுதுடா! சோத்துக்கை பக்கம் திருப்பு! இன்னும்… இன்னும் திருப்புடா!”

சித்தப்பா திருப்பினார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய குரல் சொன்னபடி கை போயிற்று. ட்ரோன் கிணற்று விளிம்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, மல்லாட்டைக்குள் தலைகீழாக விழுந்தது.

ஓடிப்போய் எடுத்தேன். சட்டம் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. மூன்று இறக்கை இருந்தன, நாலாவதைக் காணோம்.  அதற்குள் நைனா மேட்டிலிருந்து இறங்கி வந்து, என் கையிலிருந்ததைப் பார்த்தார். சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“நான் அப்பவே சொன்னேன். இவன் கை வெச்சா…” என்று நைனா ஆரம்பித்தார்.

“பொட்டு வெச்சது நானு” என்றார் அம்மா.

ட்ரோனின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் கேமராவை முழுசாக மூடியிருந்தன. அம்மா அதைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நைனாவைப் பார்க்காமல் சொன்னார்.

“அன்னிக்கு மோட்டார் போட்டதும் நான்தாங்க. தம்பி நிறுத்திட்டுத்தான் டவுனுக்குப் போச்சு. துணி தொவைக்கலாம்னு நான் போட்டேன். ரேஷன்ல சக்கர போடறாங்கன்னு சொன்னாங்க, அப்பிடியே ஓடிட்டேன். வந்து பாத்தா பொகை. சுச்ச நிறுத்திட்டு வாய மூடினு இருந்துட்டேன்.”

“விடுங்க அண்ணி, எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார் சித்தப்பா.

இந்த வார்த்தைகள் அத்தனையும் என் காதில் விழுந்தன. விழுந்ததால்தான் இப்போது எழுத முடிகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. என் ட்ரோன் உடைந்து கிடக்கிறது, இந்தப் பெரியவர்கள் என்றைக்கோ எரிந்துபோன ஒரு மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். பச்சை இலைக்கு நடுவே பச்சை இறக்கையைத் தேடி நான் ஒருத்தி மட்டும் மண்டியிட்டுத் தவழ்ந்தேன். யாராவது வந்து தேடுங்களேன் என்று அழுதுகொண்டே கத்தினேன்.

நைனாதான் வந்தார். என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செடிகளை இரண்டு கையாலும் விலக்கி விலக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவும் வந்து அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவர் தேடக்கூட இல்லை. நைனாவின் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

கடைசியில் இறக்கை என் பாவாடை மடிப்பிலேயே சிக்கியிருந்தது. எடுத்து உயர்த்திக் காட்டி, “நைனா, கெடச்சிடுச்சு!” என்றேன்.

நைனா தலை நிமிரவில்லை. குனிந்தபடியே செடிகளை விலக்கிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் கிட்டே போய் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.