மெத்தைக் கடைக் கரடி

எந்தக் கதவானாலும் அவள் பக்கவாட்டில்தான் நுழைவாள். வீட்டுக் கதவு, பேருந்துக் கதவு, கழிவறைக் கதவு, எல்லாம் ஒன்றுதான். முதலில் இடது தோள், அப்புறம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வயிறு, கடைசியில் வலது கால். இத்தனைக்கும் ஆள் துடைப்பக் குச்சி மாதிரி இருப்பாள். வயது இருபத்திரண்டு. சன்னல் கம்பிக்கு நடுவில் விட்டால்கூடப் போய்விடுகிற உடம்பு.

காரணம் இருக்கிறது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு வரை அவள் ஒரு கரடி. கடைத்தெருவில் உள்ள மெத்தைக் கடையின் வாசலில் நிற்கிற கரடி. கரடியின் தொந்தி எடுப்பாகத் தெரிய உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்திருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்த வளையத்தோடு கடைக் கதவில் இரண்டு முறை சிக்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து இரண்டு பேர் இழுக்க, வெளியேயிருந்து ஒரு வாடிக்கையாளர் தள்ள, ஒரு வழியாக வந்து சேர்ந்தாள். அன்று உடம்பு படித்த பாடம், வளையத்தைக் கழற்றின பிறகும் மறக்கவில்லை.

மெத்தைக்கும் கரடிக்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளியைக் கேட்டால் அவருக்கே தெரியாது. பக்கத்துத் தெருவில் ஒரு பொம்மைக் கடையை மூடினார்கள். கரடி வேஷம் அடிமாட்டு விலைக்கு வந்தது. வாங்கிப் போட்டார். அவ்வளவுதான் சங்கதி. அந்த வேஷத்துக்கு அளவாக ஆள் தேடியபோது இவள் அகப்பட்டாள். உயரம் சரியாக இருந்தது. சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததும் இவள் ஒருத்திதான்.

உள்ளே இருக்கிற வேக்காடு கொஞ்சநஞ்சமல்ல. கரடியின் வாயில் ஒரு வலை உண்டு. அதன் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். தலையில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வேஷத்தை மாட்டுவாள். ஒரு மணி நேரத்தில் துண்டு காய்ந்து, அப்புறம் வியர்வையில் மறுபடி நனைந்துவிடும். மணிக்கு ஒருதரம் பத்து நிமிஷம் கிடங்கறையில் போய்த் தலையைக் கழற்றி வைத்துவிட்டு, உறிஞ்சு குழல் போட்ட பாட்டிலில் தண்ணீர் குடிப்பாள். கணக்கெழுதுகிற அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, வெந்து போயிட்டியா?" என்பாள். "எனக்கென்னக்கா குறைச்சல்? ஊரே வேர்வை சிந்துறதுக்குக் காசு குடுத்து ஜிம்முக்குப் போவுது. எனக்குக் காசு குடுத்து வேர்க்க வைக்கிறாங்க!"

'எனக்கென்ன குறைச்சல்' என்பது அவள் வாயில் வெற்றிலை மாதிரி எப்போதும் இருக்கும்.

ஆனால் இந்த வாயெல்லாம் கிடங்கறையோடு சரி. வாசலுக்கு வந்துவிட்டால் பேசக் கூடாது, தலையைக் கழற்றக் கூடாது. மேலாளர் முதல் நாளே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "கரடி பேசாது. பேசினா அது கரடி இல்ல. கரடி இல்லன்னா வேலையும் இல்ல." அதனால் பேச வேண்டியதையெல்லாம் உடம்பால் பேசப் பழகிக்கொண்டாள். காலை அகட்டி, இடுப்பை இடதும் வலதுமாக எறிந்து ஒரு நடை. தொந்தியில் இரண்டு தட்டு. இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டி நெடிதாக ஒரு கொட்டாவி. அந்தக் கொட்டாவியைப் பார்த்தால் எதிரில் வருகிற போலீஸ்காரருக்கும் கொட்டாவி வரும்.

தெரு முழுக்கக் கரடியோடு சிநேகம். எதிரே தள்ளுவண்டியில் பழம் விற்கிற அம்மா கரடியை "மருமகனே" என்றுதான் கூப்பிடுவார். "வா மருமகனே, இன்னைக்கு ஆரஞ்சு தேனா இருக்கு. என் மகளைக் கட்டிக்கிறியா?" கரடி வெட்கப்பட்டு முகத்தைப் பொத்திக்கொள்ளும். பக்கத்தில் சாவி வெட்டுகிறவருக்கு அது "கரடியாரே." ஒருநாள் பெருங்காற்றில் அவருடைய பெரிய குடை பறக்கப் பார்த்தபோது, கரடி ஓடிவந்து குடைக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றது. அன்றிலிருந்து காலையில் அவர் முதல் வணக்கம் கரடியாருக்குத்தான்.

இந்தச் சிநேகத்தில் ஒரு சங்கடம் ஒளிந்திருந்தது. அது அவளுக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் தங்கியிருந்தது சித்தி வீட்டு நடைவழியில். செருப்பு அலமாரிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே பாய் விரித்தால், தலைமாட்டில் பெட்டி உறுமும், கால்மாட்டில் செருப்பு மணக்கும். அதற்கு முன்னால் இரண்டு வருஷத்தில் நான்கு அறை மாறியிருக்கிறாள். வாடகை ஏற ஏற இவள் இறங்கி வந்த கதை அது. இப்போது சித்தி மகன் பெண்டாட்டியோடு வந்து தங்கப் போகிறான். சித்தி மென்று முழுங்கிச் சொன்னாள். "மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்கம்மா. மனசுல வச்சுக்காதே."

"எனக்கென்ன சித்தி குறைச்சல்? கடையில நாப்பது மெத்தை சும்மாத்தான் கிடக்கு" என்று சிரித்தாள். அந்த நாற்பதில் ஒன்றில்கூட அவள் உட்கார்ந்தது கிடையாது. உட்காரக் கூடாது என்று சட்டம்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செய்தது, கிள்ளிக் கிள்ளி. இருபத்தொரு வயது வரைக்கும் பேருந்துச் சலுகை உண்டு. பிறந்த நாள் வந்தது, சலுகை போயிற்று. குறைந்த சம்பளக்காரர்களுக்கு மாதம் ஒரு சின்னத் தொகை வந்துகொண்டிருந்தது. தள்ளுபடி விற்பனை நடந்த மாதம் கூடுதல் நேரம் ஆடினாள், சம்பளம் வரம்புக்கு மேல் ஒரு நூல் ஏறிவிட்டது, அதையும் நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, இளம் தொழிலாளர் விடுதி. அதில் ஒரு கட்டில் காலி. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில்தான் அந்தச் சங்கடம் உட்கார்ந்திருந்தது. இந்தப் பகுதியில் வீடோ தொழிலோ உள்ள இரண்டு பேர், சொந்தக்காரராகவோ முதலாளியாகவோ இல்லாதவர்கள், அவளை ஒரு வருஷமாக நேரில் அறிந்தவர்கள், அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். தெருவில் இருநூறு பேருக்கு அவளைத் தெரியும். ஒருத்தருக்கும் அவள் முகம் தெரியாது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வேஷத்தைக் கழற்றிவிட்டு, வெளிறிய சட்டையும் ஒட்டிய தலைமுடியுமாகப் பழவண்டி முன்னால் போய் நின்றாள்.

"என்னம்மா வேணும்? ஆப்பிளா?"

"அத்தை, நான்தான் கரடி."

பழக்காரம்மா மேலும் கீழும் பார்த்தார். "யாருகிட்ட கரடி விடுற? அது ஆம்பளைக் கரடி. என் மருமகன்."

"மருமகனே, மருமகனேன்னு நீங்க கூப்பிட்டப்ப நான் வாயத் திறக்க முடியுமா? வேலை போயிடாதா?"

"போம்மா, வெயில் நேரத்துல."

அவள் இரண்டடி பின்னால் போனாள். நட்ட நடுத்தெருவில் காலை அகட்டினாள். இடுப்பு இடதுபக்கம் போயிற்று, வலதுபக்கம் வந்தது. இல்லாத தொந்தியில் இரண்டு தட்டு. அப்புறம் இரண்டு கையையும் தூக்கி அந்தக் கொட்டாவி.

பழக்காரம்மா கையிலிருந்த ஆரஞ்சு உருண்டு சாக்கடைக்குப் போயிற்று. "அடிப்பாவி! பொண்ணா நீ? ஒரு வருஷமா என் மகளை உனக்குக் கட்டி வைக்கப் பாத்தேனே!"

"பையன் இருந்தா சொல்லுங்க அத்தை, யோசிக்கலாம்."

சாவிக்காரர் எழுந்து வந்து அவளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கரடியாரே, இவ்வளவுதானா நீங்க?" என்றார். அதற்கப்புறம் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

மறுநாள் அரைநாள் விடுப்புக் கேட்டாள். "கரடிக்கெல்லாம் ஏதும்மா லீவு?" என்றார் மேலாளர். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்ன பிறகு விட்டார். பழக்காரம்மா வண்டிமேல் கோணியைப் போர்த்திவிட்டு வந்தார். சாவிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டே வந்தார். பூட்டுக்காரன் பெட்டியைத் தெருவில் விட்டுவிட்டு வந்தால் தெரு என்னத்துக்கு ஆகும்?

அலுவலகத்துக்கு இரட்டைக் கதவு. ஒன்று மட்டும்தான் திறந்திருக்கும். மற்றது தாழ் போட்டு, தாழும் துருவேறி, எத்தனையோ வருஷமாக அப்படியே கிடக்கிறது. விண்ணப்பம் வாங்குகிற அதிகாரியம்மா நாற்காலியோடு சேர்த்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருப்பவர். கைக்கு எட்டுகிற காகிதத்தை எடுப்பார். எட்டாத காகிதம் இல்லாத காகிதம். மணி மூன்றரைக்கு இவர்கள் முறை வந்தது.

"இவங்கள ஒரு வருஷமா நேர்ல தெரியுமா?"

"தெரியாம? தினம் என் மூஞ்சியிலதான் முழிப்பான்" என்றார் பழக்காரம்மா. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "முழிப்பா."

"அவனா, அவளா?"

"நேத்து வரைக்கும் அவன்."

பேனா நின்றது. சாவிக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "முகத்த நேத்துதாம்மா பாத்தோம்" என்று போட்டு உடைத்தார்.

பழக்காரம்மா அவர் விலாவில் ஒரு இடி இடித்தார். "உண்மையச் சொல்றதுக்கு உமக்கு வேற நாளே கிடைக்கலையா?"

"முகமே தெரியாதவங்களுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?" அதிகாரியம்மா விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார். "அடுத்தவங்க வாங்க."

அவள் முகம் செத்துப் போயிற்று. 'எனக்கென்ன குறைச்சல்' அன்றைக்கு வாயில் வரவில்லை. நடைவழிப் பாயும் இனி மூன்று நாளைக்குத்தான்.

சாவிக்காரர் நகரவில்லை. "முகம் ஒண்ணுதாம்மா தெரியாது. ஒன்பதுன்னா ஒன்பதுக்கு வந்து நிக்கிறது தெரியும். என் குடையக் காப்பாத்தினது தெரியும். தொலைஞ்சுபோன ஒரு குழந்தைய, அம்மா வர்ற வரைக்கும் மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தது தெரியும். என் மச்சான் முகம் இருபது வருஷமாத் தெரியும். அவனுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"நடந்து காட்டுடி!" என்றார் பழக்காரம்மா.

வேறு வழி தெரியவில்லை. வரிசைக்கும் மேசைக்கும் நடுவில் அவள் நடந்தாள். இடுப்பு, தொந்தி, கொட்டாவி.

வரிசையில் யாரோ, "ஏ, மெத்தைக் கடைக் கரடி!" என்று கத்தினார்.

"நம்ம கரடியா?" இன்னொருத்தர் எட்டிப் பார்த்தார். "பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு அந்த வாசல்ல நின்னேன். தோள்ல கை போட்டுச்சுய்யா இந்தக் கரடி! இங்க குடுங்க, நான் போடறேன் கையெழுத்து."

"என் பையத் தூக்கிட்டு மழையில பஸ் வரைக்கும் வந்துச்சும்மா. எனக்கு இங்க சொந்த வீடு இருக்கு, நான் போடறேன்!"

வரிசை கலைந்து மேசையைச் சூழ்ந்தது. ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். அவரவர் வந்த வேலை அவரவருக்கு மறந்து போயிற்று.

"கட்டம் ரெண்டுதான் இருக்கு! எல்லாரும் போய் உக்காருங்க!" அதிகாரியம்மா மேசையைத் தட்டினார். கொட்டாவி ஒன்று வந்துவிட்டது அவருக்கு, அதைக் கையால் மறைத்துக்கொண்டார். 'எவ்வாறு அறிவீர்கள்' என்ற இடத்தில், 'தினமும் வேலை செய்யக் கண்டு' என்று தன் கையாலேயே எழுதினார். முதல் கட்டத்தில் சாவிக்காரர், இரண்டாவதில் பழக்காரம்மா. முத்திரை விழுந்தது. "ஒண்ணாம் தேதி வந்துடுங்க. பதினேழாம் நம்பர் கட்டில். மெத்தை அரசாங்கத்தோடது, ரொம்ப எதிர்பார்க்காதீங்க."

"எனக்கென்னம்மா குறைச்சல்!" குரல் திரும்பி வந்துவிட்டது.

தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். திறந்திருந்த ஒற்றைக் கதவுக்கு முன்னால் திரும்பி, இடது தோளை நுழைத்து, மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"இரும்மா" என்று குரல் கேட்டது. அதிகாரியம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். கையிலிருந்த முத்திரைக் கட்டையாலேயே துருப்பிடித்த தாழை நாலு தட்டுத் தட்டி, மற்ற கதவையும் திறந்துவிட்டார்.